கியூபெக்காரருக்கு மொழி வெறியா?

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2025

"ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு மொன்றியலுக்கு வந்திருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டேன், சட்டப்படி முடியாது என்கிறார்கள். கடையில் ஆங்கிலத்தில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. கனடாவில் இரண்டு மொழியும் அரச மொழி என்றுதானே சொன்னார்கள்? இவர்களுக்கு மொழி வெறி. ரொறன்ரோவுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். கனகாலம் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

9 மார்ச், இரவு

தம்பி, நான் 1993 மாசிப் பனியில் இங்கே வந்து இறங்கியவன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் வீடு, ஆறு பேர், ஒரு குளியலறை. வெறி என்ற சொல்லை முதல் நாலைந்து வருடம் நானும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. காரணத்தை ஒரே இருப்பில் எழுத முடியாது. நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடம். 1977இல் கியூபெக் மாகாணம் கொண்டுவந்த 101ஆம் சட்டம், பிரெஞ்சு மொழிச் சட்டம் அது. தாயோ தகப்பனோ கனடாவில் ஆரம்பக் கல்வியை ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான், அரச உதவி பெறும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்திலேயே படித்திருந்தாலும் அது கணக்கில் வராது. மகனை வரவேற்பு வகுப்பில் போடுவார்கள். அங்கே முழு நேரமும் பிரெஞ்சு பழக்குவதுதான் வேலை. என் பக்கத்து வீட்டுப் பிள்ளை புரட்டாதியில் ஒரு சொல் தெரியாமல் போனவன், தைப்பொங்கலுக்குள் என் பிரெஞ்சைத் திருத்தினான். ஆறு வயதுப் பிள்ளைக்காகப் பயப்படாதீர்கள்.

10 மார்ச்

ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டு மொழி என்பது மத்திய அரசுக்கு, 1969 சட்டப்படி. பாஸ்போட் எடுக்கப் போனால் ஆங்கிலத்தில் கதைக்கலாம். மாகாணங்களின் கதை வேறு. கியூபெக்கின் ஒரே அரச மொழி பிரெஞ்சு, 1974இல் இருந்து. இரண்டையும் அரச மொழியாக வைத்திருக்கும் மாகாணம் நியூ பிரன்சுவிக் ஒன்றே ஒன்றுதான். 'கனடா இருமொழி நாடு' என்று ஊரில் நாங்கள் கேள்விப்பட்டதற்கும் இங்கே வந்து கண்டதற்கும் உள்ள இடைவெளியில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

16 மார்ச்

கோப்பை கழுவப் போன உணவகத்தில் ஒரு சமையற்காரர் இருந்தார், லாக் செயின்ட் ஜோன் பக்கத்து ஆள். எனக்குப் பிரெஞ்சு பழக்கியவர் அவர்தான். குசினியில் சட்டியைத் தூக்கி 'மார்மித்' என்பார், கத்தியைத் தூக்கி 'கூத்தோ' என்பார், நான் திருப்பிச் சொல்லாவிட்டால் தரமாட்டார். அவருடைய தகப்பன் மொன்றியலில் ஒரு ஆலையில் வேலை செய்தவர். தொழிலாளர் எல்லாரும் பிரெஞ்சு, மேற்பார்வை முழுக்க ஆங்கிலம். லீவு கேட்கக்கூட இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவாராம். 'ஸ்பீக் வைட்' என்று ஒரு ஏச்சு அந்தக் காலத்தில் உண்டு. வெள்ளைக்காரன் பாஷை பேசு என்று அர்த்தம். வெள்ளைத் தோல் உள்ளவனைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நம்ப எனக்குக் கனநாள் எடுத்தது.

இது ஒருவருடைய தனிக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. 1963இல் மத்திய அரசு ஒரு விசாரணை ஆணைக்குழு அமைத்தது. அது 1961 கணக்கெடுப்பை வைத்து கியூபெக்கில் இனவாரியாகச் சராசரி வருமானத்தைப் பார்த்தபோது, பதினான்கு குழுக்களில் பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டாவது இடம். சொந்த மாகாணத்தில், ஐந்தில் நான்கு பேராக இருந்துகொண்டு. அவர்களுக்குக் கீழே இத்தாலியரும் பூர்வகுடி மக்களும் மட்டும்.

101ஆம் சட்டத்தைப் படிக்கும்போது இந்தப் பன்னிரண்டாவது இடத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

17 மார்ச்

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் 1956இல் சிங்களவர் சொன்னதும் சரியா? அவர்களும் ஆங்கிலம் படித்த சிறுபான்மை மேலே இருக்கிறது என்றுதானே தனிச் சிங்களம் கொண்டுவந்தார்கள்?"

இந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். இன்றைக்குப் பதில் எழுத முடியவில்லை.

23 மார்ச்

அக்காவுக்கு.

என் அப்பா அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணாததால் சம்பள உயர்வு நின்றது. பாஸ் பண்ண முடியாதவர் அல்ல, புத்தகம் வாங்கி எழுத்தெல்லாம் பழகியிருந்தார். சோதனை நாளன்று வேட்டி கட்டிக்கொண்டு வீட்டு விறாந்தையில் இருந்தார். அம்மா இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு 'பிரெஞ்சு மட்டும்' என்ற சொல் காதில் விழுந்தபோது எப்படி இருந்திருக்கும்? முதல் தடவை அரசாங்கப் படிவம் பிரெஞ்சில் வந்தபோது கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றுதான் நான் வந்து சேர்ந்திருக்கிறேன். இங்கே ஆங்கிலேயருக்கு அவர்களுடைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, மக்கில், கொன்கோடியா என்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மாகாணச் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் பேசும் உரிமை 1867 அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவுக்குத் தன் மொழியில் இப்படி எழுதிவைத்த உரிமை கிடைக்கவில்லை. கடையைத் தமிழன் நடத்தினான் என்பதற்காக இங்கே ஒருவரும் அதைக் கொளுத்தவும் இல்லை.

இன்னொன்று, எண்ணிக்கை. கனடாவையும் அமெரிக்காவையும் சேர்த்துப் பார்த்தால் பிரெஞ்சு பேசுபவர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். கியூபெக்குக்குள் அவர்கள் பெரும்பான்மை, எல்லையைத் தாண்டினால் கடலில் போட்ட உப்புக்கல். மொன்றியல் ஆங்கிலேயன் இதற்குத் தலைகீழ். கண்டத்துக்கே பெரும்பான்மை, தன் தெருவில் சிறுபான்மை. அதனால் இரண்டு பேரும் சிறுபான்மையின் குரலில் பேசுகிறார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

23 மார்ச், பின்னேரம்

காலையில் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். 'சிங்களவரும் தமிழ்நாட்டைக் காட்டித் தாங்கள்தான் சிறுபான்மை என்று பயந்தார்களே' என்று அக்கா திருப்பிக் கேட்பா. கேட்கலாம். பயம் உண்மையாக இருக்கலாம், அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மற்றவனுக்கு என்ன மிச்சம் விடுகிறாய் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அந்த அளவில் 101ஆம் சட்டம் தேறுகிறது. அதை இன்னும் இறுக்கிய 96ஆம் சட்டம் தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். பிறகு வருகிறேன்.

29 மார்ச்

மனிற்றோபாக் கதை ஒன்று. இங்கே பலருக்குத் தெரியாது.

அந்த மாகாணம் 1870இல் பிறந்தபோது இரண்டு மொழியும் சட்ட மொழி. 1890இல் சட்டசபை கூடி, இனி ஆங்கிலம் மட்டும் என்று தீர்மானித்துவிட்டது. 1976இல் வினிபெக்கின் செயின்ட் பொனிபேஸ் பகுதியில் ஜோர்ஜ் ஃபோரே என்ற காப்புறுதி முகவருக்குப் பார்க்கிங் தண்டச்சீட்டு ஒன்று வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். மனுசன் கட்ட மறுத்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், தொண்ணூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்.

தீர்ப்பு வந்த நாள் 1979 டிசம்பர் 13. அதே நாளில் அதே நீதிமன்றம் கியூபெக்குக்கும் ஒரு தீர்ப்பு சொன்னது. 101ஆம் சட்டம், மாகாணச் சட்டங்களின் பிரெஞ்சு வடிவம் மட்டும்தான் அதிகாரபூர்வம் என்றிருந்தது. அது செல்லாது, இரண்டு மொழியிலும் சட்டம் இயற்றத்தான் வேண்டும் என்றது. ஒரே நாள், ஒரே மேசை. அங்கே ஆங்கிலப் பெரும்பான்மைக்குக் குட்டு, இங்கே பிரெஞ்சுப் பெரும்பான்மைக்குக் குட்டு.

அப்பா மாதிரி ஆட்களுக்குக் கிடைக்காதது இதுதான். 23ஆம் திகதி இவ்வளவு வரி எழுதியதற்குப் பதிலாக இந்தத் தண்டச்சீட்டை மட்டும் எழுதியிருக்கலாம்.

30 மார்ச்

"ஒன்ராறியோவில் இந்தத் தொல்லை இல்லை" என்று ஒருவர். 1912இல் ஒன்ராறியோ 17ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிப்பதை முடக்கிய விதி. 1916இல் ஒட்டாவாவில் கீக் என்ற பள்ளிக்கூடத்தைத் தாய்மார் காவல் காத்தார்கள், வந்தவர்களைத் தொப்பி ஊசியையும் கத்தரிக்கோலையும் காட்டித் துரத்தினார்கள். அங்கே தொல்லை இல்லாமல் போனதற்கு ஒரு காரணம், தொல்லை கொடுக்க அதிகம் ஆள் மிஞ்சவில்லை.

இன்றைக்கு அதே மாகாணத்தில் பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கும் இமர்ஷன் வகுப்பில் பிள்ளைக்கு இடம் எடுக்கத் தமிழ்ப் பெற்றோரும் முண்டியடிக்கிறார்கள். தம்பி, ரொறன்ரோவுக்குப் போக முதல் இதையும் யோசியுங்கள்.

12 ஏப்ரல்

பஸ் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஹொக்கி நேரத்தில் பஸ்ஸின் நெற்றிப் பலகையில், மொன்றியல் அணியான கனடியன்ஸுக்காக 'கோ கனடியன்ஸ் கோ' என்று ஓடும். ஒரு முறைப்பாட்டுக்குப் பிறகு 'கோ'வை எடுத்துவிட்டு 'அலே' போட்டார்கள். ஊரே சிரித்தது. பிரெஞ்சுக்காரரே அந்த 'கோ'வைச் சொல்லித்தான் மூன்று தலைமுறையாகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கடைசியில் அரசாங்கமே 'கோ' இருக்கலாம் என்றது.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு நிறுத்தப் பலகை ஞாபகம் வந்தது. பிரான்ஸில் அந்தச் சிவப்புப் பலகையில் இருப்பது 'ஸ்டொப்'. மொன்றியலில் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல். என் வேலைத்தலத்தில் பாரிஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் 'வீக்கென்ட்', 'பார்க்கிங்', 'ஷொப்பிங்' என்பார். கியூபெக்காரர் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சுச் சொல் வைத்திருக்கிறார்: வீக்கென்டுக்கு 'ஃபன் து ஸ்மேன்', ஷொப்பிங்குக்கு 'மகாஸினாஜ்'. பாரிஸுக்கு ஆங்கிலச் சொல் ஒரு விருந்தாளி, வரும் போகும். இங்கே அது வீட்டுக்காரன், சாவியும் அவனிடம்தான் இருந்தது.

மின்னஞ்சலுக்கு இவர்கள் 'கூரியேல்' என்கிறார்கள். கூரியே என்றால் அஞ்சல், அதோடு 'எலெக்த்ரோனிக்'கின் தலையை ஒட்டிய சொல். மின்னும் அஞ்சலும் சேர்த்து நாங்கள் செய்த அதே வேலை. இதை முதலில் கேட்டபோது இந்த மனிதர்கள் மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது.

13 ஏப்ரல்

ஒருவர் சரியாகத் திருத்தியிருக்கிறார். மொன்றியல் ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை, அவர்கள் ஆங்கிலமே பிரெஞ்சு கலந்து மாறிவிட்டது. மூலைக்கடை அவர்களுக்குக் 'கோர்னர் ஸ்டோர்' இல்லை, 'டெப்'. காசு எடுக்கும் மெஷின் 'கிஷே'. ரொறன்ரோவில் போய் இதைச் சொன்னால் முழிப்பார்கள். நான் அவர்களை மார்ச் 23ஆம் திகதிக் குறிப்பில் ஒரு வரியில் தள்ளிவிட்டேன், அது பிழை. 1976இல் பிரிவினை கேட்கும் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு ஆயிரக்கணக்கில் வண்டி கட்டிக்கொண்டு போனவர்களில், பிறந்த தெருவை விட்டுப் போன கிழவர்களும் இருந்தார்கள்.

19 ஏப்ரல்

"பூர்வகுடிகளை ஏன் ஒருவரும் பேசவில்லை?" நியாயம். மொன்றியலில் இருந்து ஆற்றைக் கடந்தால் கானவாக்கே, மொஹோக் மக்களின் ஊர். அங்கே நிறுத்தப் பலகையில் அவர்கள் மொழியில் 'தெஸ்தான்' என்றிருக்கும். 'அரே'யா 'ஸ்டொப்'பா என்ற சண்டை அந்தச் சந்தியில் எடுபடாது.

4 மே

1995 பிரிவினை வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

அக்டோபர் 30, திங்கட்கிழமை. உணவகத்தில் சனம் இல்லை. எல்லாரும் வீட்டில் டிவிக்கு முன்னால். குசினி அலமாரி மேல் ஒரு சின்ன டிவி, அன்டெனாவில் அலுமினியத் தாள் சுற்றியது. 'ஆம்' என்றால் கியூபெக் இறையாண்மை, 'இல்லை' என்றால் கனடாவோடு. தொடக்கத்தில் 'ஆம்' முன்னுக்கு நின்றது. சமையற்காரர் சட்டியைத் தொடவில்லை, அடுப்பில் சூப் வற்றி அடிப்பிடித்த மணம் வந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். பிறகு மொன்றியல் வாக்குகள் விழ விழ அம்புக்குறி மெல்ல மெல்ல நகர்ந்தது. முடிவில் 'இல்லை' 50.58 வீதம், 'ஆம்' 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்கு. ஒரு ஸ்டேடியம் நிறைகிற சனம்.

இலங்கையின் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா சொன்ன 'ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு' என்பதை நான் சின்ன வயதில் இருந்து மனப்பாடமாக வைத்திருந்தவன். இங்கே சட்டத்தில் இரண்டு மொழி இருந்தும் நாடு ஒரு ஸ்டேடியச் சனத்தால் தப்பியது. அன்றைக்கு அந்த மனப்பாடம் எனக்குள் ஆட்டம் கண்டது.

மாகாணப் பிரதமர் ஜாக் பாரிஸோ மேடைக்கு வந்தார். பணமும் இன வாக்குகளுமே தங்களைத் தோற்கடித்தன என்றார். குசினியில் இருந்த 'இனம்' நான் ஒருவன்தான். என்னிடம் வாக்கே இல்லை, குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. சமையற்காரர் தலையைத் திருப்பவில்லை. கன நேரம் கழித்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். அவர் அழுதிருந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்தேன்.

பாரிஸோ அடுத்த நாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த வசனம் மட்டும் போகவில்லை.

1 ஜூன்

இன்றிலிருந்து புதிய பெயர்ப்பலகை விதி. வெளியில் தெரியும் பலகையில் வேறு மொழி இருந்தால், பிரெஞ்சு அதைப்போல் இரண்டு மடங்கு இடம் பிடிக்க வேண்டும். போன கிழமை எங்கள் தமிழ்க் கடைக்காரர் ஏணியில் ஏறி அளவுநாடாவால் பலகையை அளந்தார், நான் கீழே நின்று கணக்குப் பிடித்தேன். ஆங்கிலத்தை முழுதாக எடுத்தார். பிறகும் அளவு வரவில்லை. தமிழ் எழுத்தைச் சின்னனாக்கினார். பலசரக்குக் கடைக்கான 'எபிஸ்ரி' என்ற பிரெஞ்சுச் சொல்லில் எந்த எழுத்துக்கு மேல் கோடு வரும் என்று என்னிடம் கேட்டார், நான் மகளுக்குப் போன் பண்ணிக் கேட்டுச் சொன்னேன். இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தவர், "இருபது வருடம் இருந்த 'ழ' இப்ப கண்ணுக்குத் தெரியவில்லை" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது 96ஆம் சட்டம். 2022இல் வந்தது. புதிதாக வந்த குடிவரவாளருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மாகாண அரசு பொதுவாகப் பிரெஞ்சில் மட்டும்தான் தொடர்பு கொள்ளும். உடல்நலம், பாதுகாப்பு மாதிரியானவற்றுக்கு விலக்கு உண்டு. என் மச்சானின் தாய் 2023இல் வந்தவ, எழுபத்தொரு வயது. கடிதம் வந்தால் உறையைக்கூடப் பிரிக்காமல் சாமிப்படத் தட்டில் வைத்துவிடுகிறா. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பிரித்து வாசித்துச் சொல்கிறேன். போன ஞாயிறு இருந்தது ஒரு வரி நினைவூட்டல், திகதி கடந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் பழகும். எழுபத்தொரு வயதில் முடியுமா? மாமிக்கு ஆங்கிலமும் தெரியாதுதான், ஆனால் வீட்டில் இருக்கிற மச்சானுக்குத் தெரியும், வாசித்திருப்பான். இதனால் பிரெஞ்சு மொழிக்கு என்ன காப்பு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. 101 பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டது. இது கதவில் 'பிரெஞ்சு மட்டும்' என்று எழுதி ஒட்டுகிறது.

2 ஜூன்

நேற்றுக் கோபத்தில் எழுதினேன். ஆனாலும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டம், பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வரும் சேஜெப் கல்லூரிகளில் ஆங்கிலக் கல்லூரிகளின் மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. நான் கொதித்தேன், ஏனென்றால் என் மகள் பதினொரு வருடம் பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கில சேஜெப்புக்குப் போக விரும்பினாள், போனாள். அவளுடைய வகுப்பில் பாதிப்பேர் அதே வழியில் வந்த பிள்ளைகள் என்று அவளே சொன்னாள். சமையற்காரரின் பயம் இதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 2021 கணக்கெடுப்பில், வீட்டில் பிரதானமாகப் பிரெஞ்சு பேசுவோர் கியூபெக்கில் 77.5 வீதம். ஐந்து வருடத்துக்கு முன் 79. சும்மா கிளப்பிய பயம் இல்லை.

24 ஜூன்

இன்று செயின்ட் ஜோன் பெருநாள், கியூபெக்கின் தேசிய நாள். தெருவெல்லாம் கியூபெக்கின் நீலக்கொடி.

சமையற்காரருக்குப் போன் பண்ணினேன். இப்போது எழுபத்தாறு, செயின்ட் ஜெரோமில் இருக்கிறார். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், தமிழில் தன்னைப் பற்றி எழுதியிருப்பது அவருக்குப் பெரிய சந்தோசம். சூப் அடிப்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சூப் இல்லையாம், சோஸ் என்றார். எனக்குச் சூப் என்றுதான் நினைவு, ஆனால் சமைத்தவர் அவர்.

பேரனுக்குப் பதினான்கு வயதாம். நாள் முழுக்கக் கொம்பியூட்டரில் விளையாட்டு, அதிலே எல்லாம் ஆங்கிலம். இவர் சாப்பிடக் கூப்பிட்டால் "வன் மினிட்" என்று பதில் வருகிறதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் 1995இல் நிலத்தைப் பார்த்துக் கதைத்த அதே குரல்.

பிறகு மகளோடு கதைக்கக் கேட்டார். கொடுத்தேன். குசினியில் நின்றுகொண்டு இருபது நிமிடம் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள், பாதி எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். போனை வைத்ததும், என்ன கேட்டார் என்றேன். அடுத்த வருடம் மாகாணத் தேர்தல் வருகிறது, பிரிவினை கேட்கும் பார்ட்டி கெபெக்குவா கட்சி வென்றால் மூன்றாவது வாக்கெடுப்பு என்கிறார்கள், வந்தால் எந்தப் பக்கம் போடுவாய் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னாய்?"

"அவருக்குச் சொல்லிவிட்டேன் அப்பா," என்றாள். சோறு போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நானும் பிறகு கேட்கவில்லை.